மூன்று தடவை கொடுத்த கடற்கரை

எஞ்சினியர் ஜஹான்பக்ஷ் ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. இரண்டாம் தடவை சொன்ன பிறகுகூடத் தப்பித்திருக்கலாம். மூன்றாவது தடவையும் வாயைத் திறந்தார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

அவருடைய பெரியம்மாவின் நாற்பதாம் நாள் சாப்பாடு அது. தெஹ்ரானில், மேற்குப் பக்கத்து உணவுக்கூடம் ஒன்றில் உறவு முழுவதும் கூடியிருந்தது. கபாப் முடிந்து தேநீர் வந்துவிட்டது. கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே அல்வாத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. துக்கம் பாதி கரைந்து, யார் வீடு மாறினார், யார் பிள்ளை வெளிநாடு போனான் என்ற பேச்சு தொடங்கியிருந்தது. தூரான் மேசைக் கோடியில் உட்கார்ந்து, தட்டுகளில் மிஞ்சிய இறைச்சித் துண்டுகளை தன் நாய்க்காக ஒளிவு மறைவில்லாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவன் இறந்து சில வருடம் ஆகிறது. எஞ்சினியர் அந்தக் கணவனுக்குச் சித்தப்பா மகன்.

எஞ்சினியர் என்றால் படித்துப் பட்டம் வாங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். வடக்கே கடலோரமாக வில்லா கட்டி விற்கிறவர். எங்கள் ஊரில் இரண்டு செங்கல்லை நேராக அடுக்கத் தெரிந்தவனை எல்லோரும் எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவோம்.

"அண்ணி, பாதாமுக்கா எடுத்து வைக்கிறீங்க?" என்றார் அவர். பக்கத்து மேசையில் அவர் மனைவியின் உறவுக்காரர்கள் இருந்தார்கள். அதனால் குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. "எடுத்துட்டுப் போங்க, தாராளமா எடுத்துட்டுப் போங்க. பாவம், வாயில்லா ஜீவன், நாலு சுவத்துக்குள்ள கெடக்குது. எங்க வில்லாவுக்கு ஒரு நாள் கூட்டிட்டு வாங்க அண்ணி. வாசல்லயே கடல். கயித்தை அவுத்து விடுங்க, இஷ்டத்துக்கு ஓடட்டும். வீடு உங்க வீடு, கரை உங்க கரை."

"உங்க அன்பே போதும் எஞ்சினியர்," என்றாள் தூரான். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"அன்பு என்ன அண்ணி அன்பு, கடமை! நீங்க வரலேன்னா எனக்கு மனசே ஆறாது."

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு எங்கள் ஊரில் தாரோஃப் என்று பெயர். வாசலில் இரண்டு பேர் நின்று, நீங்கள் முதலில் போங்கள், இல்லை நீங்கள்தான் போக வேண்டும் என்று மழையில் நனைந்தபடி மல்லுக்கு நிற்போம். உங்களுக்காக உயிரைக் கொடுக்கிறேன் என்போம். குடை கேட்டால் கொடுக்க மாட்டோம். பொய் என்று சொல்லக்கூடாது, மரியாதை. கொடுப்பவன் கொடுக்கிற மாதிரி நீட்ட வேண்டும், வாங்குபவன் வேண்டாம் என்று தள்ள வேண்டும், இருவரும் மனம் குளிர வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அதிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு முறை தள்ளியும் மூன்றாம் முறை ஒருவன் நீட்டினால், அவன் உண்மையாகவே கொடுக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இரண்டோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

எஞ்சினியருக்கு அன்று மைத்துனர்கள் பார்த்துக்கொண்டிருந்த போதை. "சிரமமா? உங்க காலடி என் கண்ணு மேல அண்ணி! பாதாம் காலடியும் என் கண்ணு மேல! அண்ணன் கல்லறை மண்ணு மேல ஆணை, நீங்க வந்தே ஆகணும்!"

தூரான் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். "சரி," என்றாள். "வர்ற வெள்ளிக்கிழமை வர்றோம்."

எஞ்சினியரின் மனைவி ஷஹ்லா, தேநீரில் கரண்டியை விட்டவள் கலக்க மறந்துபோனாள். எஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும் பழக்கத்தில் நெஞ்சுக்குப் போனது. "எங்க பாக்கியம்," என்று முனகினார்.

தூரான் மரியாதை தெரியாதவள் இல்லை. தொலைபேசி நிலையத்தில் அவள் காதில் விழாத தாரோஃப் இந்த நாட்டிலேயே கிடையாது. எது வாய்ப்பேச்சு, எது மனப்பேச்சு என்று மூச்சுச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். எஞ்சினியர் சொன்னது வாய்ப்பேச்சுதான் என்று முதல் தடவையே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொண்டாள்.

காரணம் பாதாம். மழை நாளில் காய்கறி வண்டிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டி, இப்போது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து நிற்கிறான். வளர்ந்ததெல்லாம் நாலாவது மாடியில், கம்பளத்தின் மேல். இருட்டு விலகும் முன்னால் கழுத்தில் கயிறு மாட்டி, குப்பைத்தொட்டி வரை கூட்டிப்போய், அவசர அவசரமாகத் திரும்பக் கூட்டி வர வேண்டும். ரோந்து வண்டியின் விளக்குத் தெரிந்தால் நிறுத்தி வைத்த கார்களுக்குப் பின்னால் பதுங்க வேண்டும். நாயை வீதியில் நடத்திப் போகக்கூடாது என்கிறது நகரம். வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்கிறார் கட்டிடப் பொறுப்பாளர். பாதாமுக்கு லிஃப்ட் இல்லை, முற்றம் இல்லை, குரைப்பும் இல்லை. குரைக்காமல் இருக்க அவளே பழக்கியிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு எரியும்.

போன வாரம் கால்நடை மருத்துவர் பாதாமின் பின்னங்காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "இடுப்பு மூட்டு தேஞ்சுட்டு வருதும்மா. இந்தக் குளிர்காலம் தாண்டினா ஓட்டமெல்லாம் நின்னுடும்," என்று சொல்லியிருந்தார்.

"அவன் எப்ப டாக்டர் ஓடினான், நிக்கிறதுக்கு?" என்று கேட்டாள் தூரான்.

மருத்துவர் பாதாமின் காலைத் தடவிக்கொடுத்தார். மணலில் ஓடினால் மூட்டுக்குக் கெடுதல் இல்லை என்று மட்டும் சொன்னார். மணல், மணல் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டேதான் அவள் அந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கே போயிருந்தாள்.

*

பயணத் திட்டம் தூரானின் தோழி முனீரேயின் அழகு நிலையத்தில் உருவானது. தூரான் குடியிருக்கும் அதே கட்டிடத்தின் நிலவறையில் இருக்கிறது அந்த நிலையம். முனீரேக்குப் பிஸ்தா என்று ஒரு குட்டை நாய். கைப்பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போய்விடலாம் என்பதால் பிஸ்தாவுக்குக் கஷ்டம் தெரியாது. வண்டி ஓட்ட வேண்டிய ஆள் தூரானின் தம்பி கொத்ரத். பெண்கள் அழகு நிலையத்துக்குள் ஆண்பிள்ளை வரக்கூடாது அல்லவா? அதனால் அவன் வெளியே படிக்கட்டில், திரைச்சீலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுவரைப் பார்த்தே பேசினான். உள்ளே தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்த பெண்களும் கேட்காமலேயே யோசனை சொன்னார்கள்.

"பொதுக் கடற்கரைக்குப் போனா என்ன?" என்றாள் ஒருத்தி.

"போன வருஷம் போனேனே," என்றாள் முனீரே, சீப்பை ஆட்டிக்கொண்டு. "பிஸ்தாவைப் பையிலேருந்து இறக்கினதும் ஒருத்தன் கல்லை எடுத்துட்டான். அவன் பொண்டாட்டி நாயைப் பார்த்த மாதிரி கத்துறா."

"நாயைத்தானே பார்த்தா?"

"பிஸ்தாவெல்லாம் நாயா? விடுங்க. சுவர் வச்ச கரைதான் நமக்குச் சரி. எஞ்சினியர் வாயாலயே குடுத்துட்டாரு."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொத்ரத்தின் குரல் வந்தது. "அக்கா, அவரு குடுக்கலக்கா. அது சும்மா. ஊர் உலகத்துக்கே தெரியும் அது சும்மான்னு."

"மூணு தடவை சொன்னாருடா. எங்க வீட்டுக்காரர் மண்ணு மேல ஆணை வேற."

"அதுவும் சும்மாதான்."

"அப்படின்னா அவர் வாயில இருக்கிறதெல்லாம் சும்மாவா? ஒரு நாளாவது ஒருத்தனாவது சொன்ன சொல்லுக்கு நிக்கட்டுமே. என்ன கெட்டுப்போச்சு?"

கொத்ரத் பெருமூச்சு விட்டான். அவனுடைய கவலை எஞ்சினியர் இல்லை, வண்டி. வெள்ளை நிறப் பழைய கார் அது. அதில்தான் சவாரி ஏற்றிப் பிழைக்கிறான். நாயோடு பிடிபட்டால் வண்டியைப் பறிமுதல் செய்து கொட்டகையில் போட்டுவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அது வெறும் பயமும் இல்லை. அவனுக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவனுக்கு அப்படியே நடந்திருக்கிறது.

"பின் சீட்ல படுக்க வச்சு மேல கம்பளத்தைச் சுருட்டிப் போட்டுடலாம்க்கா. கேட்டா, கடல்ல அலசக் கொண்டு போறோம்னு சொல்லிக்கலாம்."

"தூக்க மாத்திரை குடுத்துடுங்க," என்றாள் சாயத்தலை ஒருத்தி. "டிக்கியில போட்டுட்டா மூச்சுக் காட்டாது."

தூரானுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பாதாம் அவள் காலடியில் படுத்து, தரையில் கிடந்த யாருடைய தலைமுடியையோ மோந்துகொண்டிருந்தான். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்த மாதிரி ஒரு காதை மட்டும் தூக்கினான்.

"கேட்டுக்கோங்க எல்லாரும்," என்றாள் தூரான். "நான் ஒண்ணும் கஞ்சா கடத்தல. அவன் கம்பளமும் இல்ல, பொணமும் இல்ல. டிக்கியிலயும் போடமாட்டேன், மாத்திரையும் குடுக்க மாட்டேன். ஜன்னல் பக்கம் உக்காந்து, தலையை வெளிய நீட்டி, மலையைப் பார்த்துட்டே வருவான். திருட்டுத்தனமா கூட்டிப் போறதா இருந்தா, இங்கயே குப்பைத்தொட்டி வரைக்கும் போயிட்டு வந்துடலாமே. அதுக்கு எதுக்குக் கடல்?"

"வண்டி போயிடும்க்கா!"

"அப்படின்னா சாவியைக் குடுத்துட்டு நீ வீட்ல இரு. நானே ஓட்டுறேன்."

"நீ ஓட்டினா போலீஸ் எதுக்கு? அந்த மலைப் பாதையே போதும்."

பெண்கள் சிரித்தார்கள். தூரானும் சிரித்தாள், ஆனால் கையை நீட்டியபடியே இருந்தாள், திரைச்சீலைக்கு வெளியே, உள்ளங்கையை விரித்து. சாவி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. "விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும்," என்றான் கொத்ரத் சுவரைப் பார்த்து. "மலைப் பாதையில கூட்டம் சேர்ந்துட்டா மத்தியானம்தான் போய்ச் சேருவோம். கட்லெட் நீதான் பண்ணணும். முனீரே பண்ணினா நான் வரல."

"உன் வாயில மண்ணு விழ," என்றாள் முனீரே சந்தோஷமாக.

*

புதன்கிழமை எஞ்சினியரின் முதல் தொலைபேசி வந்தது.

"அண்ணி, உங்களை நினைச்சுத்தான் ராப்பகலா சந்தோஷம். ஒரே ஒரு விஷயம். வில்லாவுல தண்ணிக் குழாய் உடைஞ்சு போச்சு. உங்களுக்கு வசதி பத்தாதேன்னு எனக்கு வெட்கமா இருக்கு."

"வெட்கம் உங்க எதிரிக்கு வரட்டும் எஞ்சினியர். குடிக்கத் தண்ணி நாங்க கொண்டு வர்றோம். மீதிக்குக் கடல் இருக்கே."

மாலையில் இரண்டாவது. "அண்ணி, வானிலைச் செய்தி பார்த்தீங்களா? வடக்கே மழைங்கிறான். பாதாமுக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்னால தாங்க முடியாது."

"உங்க கருணைக்கு அளவே இல்ல. அவன் மழையிலதான் எங்களுக்குக் கிடைச்சான். ஒண்ணும் ஆகாது."

வியாழக்கிழமை காலையில் வில்லாச் சாவி தொலைந்துபோனது. உள்ளே வரமாட்டோம், கரை ஒன்றே போதும் என்றாள் தூரான். மத்தியானம் ஷஹ்லாவுக்குத் தலைவலி வந்தது. நாங்கள் சத்தம் போடாமல் இருப்போம், வேண்டுமானால் மூலிகைத் தேநீர் போட்டுத் தருவோம் என்றாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது கொடுத்தவனுக்கு அழகில்லை. வாங்கியவள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காக எஞ்சினியர் அவளுக்குக் கதவு கதவாகத் திறந்துவிட்டார். அவள் ஒவ்வொன்றையும் மரியாதையாகச் சாத்தினாள்.

சாயங்காலம் மறுபடியும் அழைப்பு. இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள்.

"எஞ்சினியர், நான் ஒண்ணு கேக்குறேன். வராதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான். சத்தியமா வரமாட்டேன், மனசுலயும் வச்சுக்க மாட்டேன். எத்தனையோ வருஷமா ஜனங்க பேசறதைக் கேட்டவ நான். உண்மையா ஒரு 'வேண்டாம்' கேட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. சொல்லிவிடுவார் என்றே தூரான் நினைத்தாள். சொன்னால் போகக்கூடாது என்று அவள் உண்மையாகவே முடிவு செய்திருந்தாள். காலடியில் பாதாம் படுத்திருந்தான்.

"நாக்கு அழுகிப் போகாதா அண்ணி அப்படிச் சொன்னா?" என்றார் எஞ்சினியர். "உங்க காலடி என் கண்ணு மேல."

"அப்படின்னா கண்ணைத் திறந்து வைங்க. நாளைக்கு வர்றோம்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

*

மலைப் பாதையில் பாதாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தான். காற்றில் அவன் உதடு படபடத்தது. எதிரில் வந்த பேருந்துகளில் குழந்தைகள் கைகாட்டினார்கள். கொத்ரத் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். முனீரே பின் சீட்டில் சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலை அவன் சட்டைக் காலருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

அணைக்கட்டைத் தாண்டியதும் சாலையோரக் காவலர் ஒருவர் கையைக் காட்டினார். கொத்ரத் வெளிறிப்போனான். "அவன் தலையை உள்ள இழு, அக்கா, இழு," என்று முணுமுணுத்தான். தூரான் இழுக்கவில்லை. தன் பக்கத்து ஜன்னலை முழுதாக இறக்கினாள்.

"இது என்னம்மா?" என்றார் காவலர். சின்ன வயதுதான், கண்ணில் தூக்கம்.

"நாய். என் நாய். பேரு பாதாம்."

"வண்டியில நாய் ஏத்தக்கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் ஏத்தியிருக்கேன். ஒளிச்சு வைக்கல பாருங்க. நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா அவனை இறக்கினா நானும் இறங்குவேன். நான் இறங்கினா இங்கேருந்து நடந்தே கடலுக்குப் போவேன், நடு ரோட்ல."

பின்னால் வண்டிகள் வரிசையாக நின்று ஒலியெழுப்பின. யாரோ எட்டிப் பார்த்துத் திட்டினார்கள். காவலர் அந்த வரிசையையும், தூரானையும், தன் கையை மோந்து பார்க்க மூக்கை நீட்டிய பாதாமையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணாடியை ஏத்திட்டுப் போங்க," என்று எரிச்சலோடு கையை வீசினார்.

வளைவு தாண்டும் வரை கொத்ரத் வண்டியை விரட்டினான். அப்புறம், "அக்கா, நீ மனுஷியே இல்லக்கா," என்றான். கண்ணாடியை யாரும் ஏற்றவில்லை.

*

வில்லாக் குடியிருப்பின் வாசலில் காவலாளி குறுக்கே நின்றான். நாய்க்கு அனுமதி இல்லை என்றான். எஞ்சினியரைக் கூப்பிடுங்கள் என்றாள் தூரான். எஞ்சினியர் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், கடலைப் பார்த்த முதல் வில்லாவின் தாழ்வாரத்தில், கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வில்லாவை வாங்க வந்தவர்கள். குழாய் உடைந்தது, சாவி தொலைந்தது எல்லாம் ஏன் என்று தூரானுக்கு அப்போதுதான் விளங்கியது. இதை நேராகச் சொல்லியிருந்தால் வேறு வெள்ளிக்கிழமை வந்திருப்பாளே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"வாங்க அண்ணி, வாங்க வாங்க! வீடு உங்க வீடு!" என்றார் தாழ்வாரத்துக்குக் கேட்கும்படி. அப்புறம் குரலை அடக்கி, "உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், கயித்தை மட்டும் அவுக்காதீங்க. அந்த ஓரமா நடத்திட்டுக் கூட்டிப் போயிடுங்க. வந்திருக்கிறவங்க ரொம்ப ஆசாரமானவங்க, நாய் பட்டாலே தீட்டும்பாங்க."

"அவுத்து விடுங்கன்னு சொன்னது யாரு எஞ்சினியர்?"

அவர் நெஞ்சில் கை வைத்தார்.

கடல் சாம்பல் நிறத்தில், மேகத்தோடு மேகமாகக் கிடந்தது. ஈர மணல் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் வெறுமையாக நீண்டிருந்தது. முனீரே பிஸ்தாவைப் பையிலிருந்து இறக்கினாள். அது ஒரு அலையைப் பார்த்துக் குரைத்துவிட்டு மறுபடியும் பைக்குள் ஏறிக்கொண்டது. தூரான் குனிந்தாள். கழுத்துப் பட்டையையே கழற்றி, கயிற்றோடு சேர்த்து மணலில் போட்டாள்.

"போடா," என்றாள். "போ."

பாதாம் போகவில்லை.

கடலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பட்டை இருந்த இடத்தில் மயிர் படிந்து வெறுமையாகத் தெரிந்தது. ஓரடி எடுத்து வைத்து, யாரோ இழுத்ததுபோல் தானே நின்றான். திரும்பி வந்து அவள் முழங்காலில் முதுகைச் சாய்த்து, குப்பைத்தொட்டி ஓரத்தில் உட்காருவதுபோலச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டான்.

தூரான் மணலில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். இதற்குத்தானா? இத்தனை பேச்சும் சண்டையும் இதற்குத்தானா? அவனுக்குக் கயிறு கழுத்தில் இல்லை, அதற்கும் உள்ளே எங்கேயோ போய்விட்டது. அங்கே கொண்டுபோய்க் கட்டியது அவள் கைதான்.

எஞ்சினியர் மூச்சு விட்டார். நிம்மதியில் அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. தாழ்வாரத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "பார்த்தீங்களா? அதுக்கே விருப்பமில்ல அண்ணி. பழக்கப்பட்டதுக்கு வீடுதான் சொர்க்கம். நாமதான் வீணா ஆசைப்படுறோம்."

அதுக்கே விருப்பமில்லை. இந்தப் பேச்சை தூரான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறாள். நாயைப் பற்றி மட்டும் இல்லை. வேலைக்குப் போக அவளுக்கே விருப்பமில்லை, பாட அவளுக்கே விருப்பமில்லை, தனியாக இருக்க அவளுக்கே பயம். முதலில் கட்டி வைப்பார்கள், அப்புறம் பழக்குவார்கள், கடைசியில் விருப்பமில்லை என்பார்கள்.

அவள் காலணியைக் கழற்றி உதறினாள். காலுறையை உருவி எறிந்தாள். நீண்ட மேலங்கியை இடுப்புக்குச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

அது அழகான ஓட்டம் இல்லை. முழங்கால் முறுக்கிக்கொண்டது, மூச்சு விசிலடித்தது, மணல் காலை உள்ளே இழுத்தது. "அக்கா! விழுந்து வைக்காதே!" என்று கொத்ரத் கத்தினான். தலைத்துணி தோளுக்குச் சரிந்து, அங்கிருந்து மணலில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நரைமுடி காற்றில் பிரிந்தது. தாழ்வாரத்தில் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

பாதாம் எழுந்தான். அவள் தூரமாகப் போவதைப் பார்த்தான். இத்தனை காலத்தில் அவனைவிட்டு அவள் அத்தனை தூரம் போனதே இல்லை. ஒரு முனகல் வந்தது. அப்புறம் குரைத்தான், தொண்டை திறந்து, நாலாவது மாடியில் ஒரு நாளும் வராத குரலில். குரைத்துக்கொண்டே பாய்ந்தான்.

பின்னங்கால் ஒரு பக்கமாக இழுத்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து அவளை எட்டிப் பிடித்தான், ஒரு கணம் அவளோடு ஓடினான், அப்புறம் முந்திப் போய்விட்டான். அவன் போன வேகத்தில் தூரான் தடுமாறி ஈர மணலில் உட்கார்ந்தே விட்டாள். சுவர் கடலுக்குள் இறங்கி முடிகிற இடத்தில் அவன் தண்ணீரில் இறங்கி, சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கரைக்குப் போனான்.

எஞ்சினியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். செருப்பு நனைந்துவிட்டது. "கூப்பிடுங்க அண்ணி! அந்தப் பக்கம் நம்ம இடமில்ல! கூப்பிடுங்க!"

"மாட்டேன்."

"தொலைஞ்சு போயிடும்!"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. அவன் வராமலே போகலாம். கல்லெடுப்பவர்கள் எல்லாக் கரையிலும் இருக்கிறார்கள். அவள் மணலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குட்டியிலேருந்து அவனை வா, நில்லு, சத்தம் போடாதேன்னே சொல்லிட்டிருக்கேன்," என்றாள். "இன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நீங்களும் வாயைத் திறக்காதீங்க எஞ்சினியர். வந்தா வரட்டும்."

எஞ்சினியர் வாயைத் திறக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பக்கத்தில் நின்றார். அலை வந்து போனது. மறுபடியும் வந்து போனது.

சுவரின் முனையில் தண்ணீர் தெறித்தது. பாதாம் நனைந்து பாதியாகி, நாக்கு வெளியே தொங்க, அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான். கொத்ரத் கத்தினான். முனீரே கைதட்டினாள். அவன் நேராகத் தூரானை நோக்கி வந்தான், பக்கத்தில் வந்துவிட்டான், ஈரமும் மணலும் அவள் முகத்தில் அடித்தன. அவள் இரண்டு கையையும் விரித்தாள்.

அவன் நிற்கவில்லை. அவளைத் தாண்டி, எஞ்சினியரைத் தாண்டி, எதிர்ப் பக்கச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தான். தூரான் விரித்த கையோடு உட்கார்ந்து, அவன் நிற்காமல் போனதைப் பார்த்துச் சத்தமாக அழுதாள். "ஓடுடா," என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அதுகூட ஒரு கட்டளைதானே.